பண்ணைக் கழிவுநீர்க் குழாய் போடும் முன்: கடலின் மோசமான நாளைக் கணக்கெடுப்போம்



சுற்றுச்சூழல் தலைப்பில் மாணவர்கள் எழுதும் கருத்து விளக்கக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘கழிவுநீரைக் கடலில் விடக் கூடாது.’ அதில் தவறில்லை. ஆனால் பத்தியும் அதோடு முடிந்துவிடும். ஏன் விடக் கூடாது, எங்கே விட்டால் ஆபத்து குறைவு, எவ்வளவு தாங்கும், அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எதுவுமே இருக்காது. ‘கடல் மாசுபடும், மீன்கள் இறக்கும்’ என்று இன்னொரு வரி வரும். அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் சியாக்காப் என்று சொல்லும் கொடுவா மீனும், கடையில் வாங்கும் வெள்ளை இறாலும் பல நேரங்களில் பண்ணையில் வளர்ந்தவைதான். பண்ணை என்றால் கழிவுநீர் உண்டு. மீன் வேண்டும், கழிவு மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இந்த இடத்துத் தண்ணீர் இந்தப் பண்ணையின் கழிவைத் தாங்குமா?’ அதுவும் குழாய் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. போடும் முன்பே கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுவது என்று விளக்குகிறது. அறிவியல், புவியியல் ஆசிரியர்கள் பாடத்துக்குப் பயன்படுத்தலாம். தமிழ் மாணவர்கள் கட்டுரைக்கு எடுத்துக்காட்டுகளாக எடுத்துக்கொள்ளலாம்.

1. குழாய் வழியே என்ன போகிறது?

‘கழிவுநீர்’ என்றவுடன் பலருக்கு நஞ்சும் சாயமும்தான் நினைவுக்கு வரும். மீன், இறால் பண்ணையில் பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கிருந்து வெளியேறுவது மிஞ்சிய தீவனம், கழிவு, சேறு, அவற்றிலிருந்து கரையும் ஊட்டச்சத்து. அதாவது, உரம்! வயலில் போட்டால் நெல் வளரும். கடலில் போட்டால் பாசி வளரும்.

எவ்வளவு உரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரும்பலகையில் மாணவர்களோடு சேர்ந்தே போடலாம்.

ஒரு டன் இறால் வளர்க்கச் சுமார் 1.5 டன் தீவனம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தீவனத்தில் 40 விழுக்காடு புரதம் என்றால், புரதம் 600 கிலோ. புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே தீவனத்தோடு குளத்துக்குள் போகும் நைட்ரஜன் 96 கிலோ. அறுவடையாகும் ஒரு டன் இறாலின் உடலில் ஏறத்தாழ 3 விழுக்காடு, அதாவது 30 கிலோ நைட்ரஜன் இருக்கும். மீதி 66 கிலோ?

அது இறாலுக்குள் போகவில்லை. ஒரு பகுதி சேற்றில் படியும், ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலக்கும், மீதி தண்ணீரோடு வெளியே போகும். ஓர் அறுவடையில் 20 டன் இறால் எடுக்கும் பண்ணையை எடுத்துக்கொண்டால், இறாலுக்குள் போகாத நைட்ரஜன் 1,320 கிலோ. 50 கிலோ யூரியா மூட்டைக் கணக்கில் சொன்னால் சுமார் 57 மூட்டை. அத்தனையும் கடலுக்குப் போகாவிட்டாலும், பாதி போனாலே பெரிய அளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த உரம் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. வளர்ப்புக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அறுவடை நாளில் குளத்தையே வடிப்பார்கள். அதிலும் கடைசியாக வடியும் தண்ணீர்தான் அடிச்சேற்றைக் கலக்கிக்கொண்டு மிக அழுக்காக வரும். ‘மாதச் சராசரி இவ்வளவு’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்த ஒரு நாளை அது மறைத்துவிடும். இந்தச் சராசரி விஷயத்துக்கு மீண்டும் வருவோம்.

2. ‘கடல் பெரிசு, கரைஞ்சிடும்’

பண்ணை வைக்கிறவர் மட்டுமல்ல, நாமும் இப்படித்தான் நினைக்கிறோம். கடல் பெரியதுதான். ஆனால் குழாயின் வாய் இருப்பது பெருங்கடலில் அல்ல. ஒரு முகத்துவாரத்தில், ஒரு சின்ன விரிகுடாவில், ஒரு நீரிணையில். அங்கே இருக்கும் தண்ணீர்தான் கணக்கு.

நமக்குத் தெரிந்த இடத்தையே பார்ப்போம்: ஜொகூர் நீரிணை. மலேசியாவையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் அந்தக் குறுகிய நீர்ப்பரப்பின் குறுக்கே 1924-இல் ஜொகூர்ப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் என்று சொல்கிறோமே தவிர, அது தூண்கள் மேல் நிற்கும் பாலம் அல்ல. கல்லைக் கொட்டி எழுப்பிய அணை போன்ற கரை. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதன் மேல் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் அதன் கீழே தண்ணீர் போக முடியாது என்பதைக் கவனித்திருப்பார்கள்?

பாலத்துக்கு முன் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருந்தது. பாலத்துக்குப் பின் கிழக்கு நீரிணை, மேற்கு நீரிணை என்று இரண்டு முட்டுச்சந்துகள் ஆகிவிட்டன. உள்ளே வந்த தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். பாலத்தை நெருங்க நெருங்க, தண்ணீர் மாறுவதும் மெதுவாகிறது.

அந்த நீரிணையில்தான் இரு கரையின் ஆறுகளும் கலக்கின்றன. நகரங்களின், தொழிற்பேட்டைகளின் கழிவும் வந்து சேர்கிறது. அங்கேதான் மிதவைக் கூண்டுப் பண்ணைகளும் இருக்கின்றன. 2014 பிப்ரவரியில் மேற்கு நீரிணையில் மீன்கள் செத்து மிதந்தன. மலேசிய ஆய்வாளர்கள் அந்தத் தண்ணீரில் கார்லோடினியம் ஆஸ்திராலே என்ற நுண்பாசி பெருகியிருந்ததைக் கண்டறிந்தார்கள். 2015 பிப்ரவரி இறுதியில் கிழக்கு நீரிணையில் மீண்டும் பாசிப் பெருக்கம். சிங்கப்பூர்ப் பக்கத்துப் பண்ணைகள் மட்டும் 500 டன்னுக்கு மேல் மீனை இழந்தன. சீனப் புத்தாண்டு விற்பனை முடிந்த கையோடு, அடுத்த பருவத்துக்கு வளர்த்துக்கொண்டிருந்த மீனும் போனது. பல மாத உழைப்பு சில நாட்களில் மிதந்தது.

இதில் ‘பண்ணைதான் குற்றவாளி’ என்று எழுதிவிடாதீர்கள். ஊட்டச்சத்து பல வழிகளில் வந்தது. பண்ணைக்காரர்கள் இங்கே பாதிக்கப்பட்டவர்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: தண்ணீர் மெதுவாக மாறும் இடத்தில், யார் கொட்டினாலும், அது எல்லாருக்கும் திரும்பி வரும். கொட்டியவருக்கும் சேர்த்துத்தான்.

3. தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது?

ஆய்வின் முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும். ‘தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா’ என்பது இரண்டாவது கேள்விதான்.

கடல்மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். மலாக்கா நீரிணைப் பக்கம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரியது. அது உயர் ஓதம். இடைப்பட்ட அரைநிலா நாட்களை ஒட்டி ஏற்ற இறக்கம் சிறியது. அது தாழ் ஓதம்.

இடத்துக்கு இடமும் மாறும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் உயர் ஓத நாட்களில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கிழக்குக் கரையில், திரெங்கானு பக்கம், அதைவிட மிகக் குறைவு. பல நாட்களில் ஒரே ஒரு பெரிய ஏற்றம்தான். ஆகவே மேற்குக் கரைப் பண்ணைக்குச் செய்த ஆய்வைக் கிழக்குக் கரைப் பண்ணைக்கு நகல் எடுக்க முடியாது.

இப்போது ஒரு கற்பனை விரிகுடா. நீளம் ஒரு கிலோமீட்டர், அகலம் அரைக் கிலோமீட்டர், சராசரி ஆழம் 4 மீட்டர்.

உயர் ஓத நாளில் 2 மீட்டர் ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது ஆழம் 5 மீட்டர். மொத்தத் தண்ணீர் 25 இலட்சம் கன மீட்டர். இறங்கும்போது ஆழம் 3 மீட்டர். அதாவது 10 இலட்சம் கன மீட்டர் வெளியே போயிருக்கிறது. 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5 ஓதம். சுமார் 31 மணி நேரத்தில் தண்ணீர் மாறிவிடும். நல்ல செய்திதானே?

கொஞ்சம் பொறுங்கள். வெளியே போன தண்ணீர் எல்லாம் தூரமாகப் போய்விடுவதில்லை. வாசலுக்கு வெளியே நின்றுவிட்டு, அடுத்த ஏற்றத்தில் அதே தண்ணீர் திரும்பி உள்ளே வரும். பாதி அப்படித் திரும்பி வருகிறது என்றால், 31 மணி நேரம் 62 மணி நேரமாகிவிடும். இரண்டரை நாள்.

இனி தாழ் ஓத நாள். ஏற்ற இறக்கம் 0.8 மீட்டர்தான். ஏறும்போது 22 இலட்சம் கன மீட்டர்; வெளியே போவது 4 இலட்சம். 5.5 ஓதம். பாதி திரும்பி வந்தால் 11 ஓதம். ஏறத்தாழ 136 மணி நேரம். கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் நாள்.

அதே விரிகுடா, அதே மாதம். ஒரு வாரம் தண்ணீர் இரண்டரை நாளில் மாறுகிறது; அடுத்த வாரம் ஆறு நாள் ஆகிறது. இதனால் என்ன வந்துவிடும்? இங்கேதான் பாசி வருகிறது. உரமும் வெயிலும் கிடைத்தால் நுண்பாசி நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை நாளில் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் தண்ணீரோடு வெளியே போய்விடும். ஐந்தே முக்கால் நாளில்? ஐம்பது மடங்குக்கு மேல்! ‘எவ்வளவு உரம் போகிறது’ என்று மட்டும் பார்க்காமல் ‘எத்தனை நாள் தங்குகிறது’ என்று முதலில் கேட்பது இதனால்தான்.

இது தோராயக் கணக்கு. உண்மை ஆய்வில் நீரோட்டக் கருவிகளைக் கடலில் இறக்கிக் குறைந்தது ஒரு முழு நிலாச் சுற்றுக்கு, அதாவது உயர் ஓதமும் தாழ் ஓதமும் வந்துபோகும் வரை, வேகத்தையும் திசையையும் பதிவு செய்ய வேண்டும். கணினி மாதிரியும் செய்வார்கள். ஆனால் அந்த மாதிரி எந்த நாளை எடுத்துக்கொண்டு ஓட்டப்பட்டது என்று கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

4. எப்போது அளந்தார்கள்?

அடுத்தது தண்ணீரின் தரம். உயிர்வளி, அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், உப்புத்தன்மை, வெப்பநிலை, கலங்கல், அடிச்சேறு. இந்தப் பட்டியலை எந்தப் பாடநூலிலும் பார்க்கலாம். பட்டியலைவிட முக்கியமானது, எந்த நேரத்தில், எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் அளந்தார்கள் என்பது.

உயிர்வளியை எடுத்துக்கொள்வோம். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் நுண்ணுயிரும் எல்லாமே சேர்ந்து அதைச் சுவாசிக்கும். ஆகவே விடியும் முன் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். ஆய்வாளர் காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படகில் ஏறி அளந்தால் நல்ல எண் கிடைக்கும். மீன் சாவது பத்து மணிக்கு அல்லவே. விடியற்காலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோதான்.

நம் கடல் வெப்பமானது என்பதையும் மறக்கக் கூடாது. வெப்பம் கூடக் கூடத் தண்ணீர் பிடித்து வைக்கும் உயிர்வளி குறையும். 30 பாகை வெப்பமும் ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பும் உள்ள கடல்நீர் முழுமையாக நிறைந்தாலும் லிட்டருக்குச் சுமார் 6.4 மில்லிகிராம் உயிர்வளிதான் இருக்கும். 10 பாகையில் அதே நீர் 9.3 மில்லிகிராம் வரை பிடிக்கும். மலேசியாவின் கடல்நீர்த் தர அளவுகோலில் மீன்பிடிப்புக்கும் கடல் வளர்ப்புக்கும் உரிய இரண்டாம் வகுப்பு நீரில் உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். 6.4-க்கும் 5-க்கும் இடையே எவ்வளவு? 1.4 மில்லிகிராம். நம்மிடம் இருக்கும் கையிருப்பு அவ்வளவுதான். குளிர்நாட்டுக் கடலுக்கு எழுதிய கணக்கை இங்கே கொண்டுவந்தால் சறுக்கும்.

ஆழம்: பலத்த மழைக்குப் பிறகு ஆற்று நீர் மேலே மிதக்கும், உப்பு நீர் கீழே கிடக்கும். இரண்டும் எளிதில் கலக்காது. மேல்நீரில் உயிர்வளி நன்றாக இருக்கும். அடியில் சேறு அழுகி உயிர்வளி தீர்ந்துகொண்டிருக்கும். மேல்நீரை மட்டும் வாளியில் மொண்டு அளந்தால் அடியில் நடப்பது தெரியாது. குழாய் நீரும் அப்படித்தான். வறட்சிக் காலத்தில் ஆவியாகி உப்பு ஏறிய குளத்து நீர் கனமாகி அடியில் போய்ப் படியும். மழைக்காலத்தில் அதே பண்ணை நீர் மேலே மிதக்கும்.

பருவம்: வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை. அதன் முற்பகுதியில் பெருமழை. ஜொகூர், சிங்கப்பூர்ப் பக்கம் பிப்ரவரியில் பெரும்பாலும் வறண்ட வானம், நல்ல வெயில். ஜொகூர் நீரிணையில் மேலே சொன்ன இரண்டு மீன்சாவும் பிப்ரவரியில்தான் வந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் இரண்டு வாரம் அளந்துவிட்டு ‘ஆண்டு முழுவதும் இப்படித்தான்’ என்று எழுதும் அறிக்கை பிப்ரவரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அம்மோனியா: தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடும்போது அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் காரத்தன்மை ஏறும். ஆகவே உயிர்வளிக்கு விடியற்காலை மோசம். அம்மோனியாவுக்குப் பிற்பகல் மோசம். ஒரு நாளின் இரு முனைகளையும் அளக்க வேண்டும்.

இப்போது சராசரிக்குத் திரும்புவோம். அறுவடை நாள், தாழ் ஓத வாரம், வறண்ட பிப்ரவரி, விடியற்காலை, அடித்தண்ணீர். இவை ஐந்தும் ஒரே நாளில் சேரலாமா? சேரலாம். அந்த ஒரு நாளில் தண்ணீர் தாங்குமா என்பதுதான் ஆய்வு சொல்ல வேண்டிய விடை. மீன் சராசரி நாளில் சாவதில்லை.

5. ஏற்கெனவே இருக்கும் சுமை

பேருந்தில் 40 பேர் உட்காரலாம் என்றால், புதிதாக 40 பேர் ஏறலாம் என்று பொருள் இல்லை. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடல்நீரும் அப்படியே. பண்ணை வருவதற்கு முன் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அளந்து எழுதி வைப்பதுதான் அடிப்படை நிலைப் பதிவு.

இதை ஏன் முன்பே செய்ய வேண்டும்? பண்ணை வந்த பிறகு ‘முன்பு எப்படி இருந்தது’ என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. மீனவர் ‘சிப்பி குறைஞ்சுபோச்சு’ என்பார். பண்ணைக்காரர் ‘முன்னாடியே இப்படித்தான்’ என்பார். பதிவு இல்லாவிட்டால் இருவர் வாயையும் எதுவும் அடைக்காது. பண்ணை இல்லாத, அதே போன்ற இன்னொரு இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பிறகு மாற்றம் வந்தால், அது பண்ணையால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த ஒப்பீட்டு இடம் உதவும்.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1987-இல் வந்த ஆணை எந்தெந்தத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியல் இட்டது. 50 ஹெக்டர் அல்லது அதற்கு மேல் அலையாத்திக் காட்டை அழித்து நிலத்தில் அமைக்கும் வளர்ப்புப் பண்ணை அதில் ஒன்று. பின்னர் 2015-இல் அதற்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது. எந்த ஆணையிலும் ஓர் எல்லை எண் இருக்கத்தான் செய்யும். ஆனால் தண்ணீருக்கு ஹெக்டர் தெரியாது. எல்லைக்குக் கீழே இருக்கும் சிறு பண்ணைகள் பத்து, ஒரே ஆற்று முகத்தில் வாய் வைத்தால், தண்ணீருக்கு அது ஒரே பெரிய பண்ணைதான். தேர்வில் ‘சட்டம் இருக்கிறது, கடைப்பிடிக்க வேண்டும்’ என்பதோடு நிற்காமல் இதையும் சேர்த்து எழுதினால் உங்கள் கருத்து ஆழமாகும்.

6. குழாயின் வாய் எங்கே?

ஆய்வின் முடிவு ‘வேண்டாம்’ என்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரங்களில் ‘இங்கே வேண்டாம், அங்கே’ என்று வரும். அல்லது ‘இப்படியே வேண்டாம், சுத்தப்படுத்தி விடலாம்’ என்று வரும்.

முதலில், பண்ணை தண்ணீர் எடுக்கும் இடமும் விடும் இடமும். இரண்டும் ஒரே ஓடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஓதம் ஏறும்போது தான் விட்ட கழிவைத் தானே குடிக்க வேண்டியிருக்கும். அடுத்த பண்ணை தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு நேராக விட்டால், நோயும் சேர்ந்து போகும். இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் தண்ணீர் வழியாகவும் பரவக்கூடியது.

இரண்டாவது, அருகில் என்ன இருக்கிறது? கெராங் சிப்பி வளரும் சேற்றுத் தரையா, கடற்புல்லா, மீன் குஞ்சு பொரிக்கும் அலையாத்தி ஓடையா? சிப்பியால் ஓட முடியாது. மேலே சேறு படிந்தால் அங்கேயே மூச்சடைத்துப் போகும்.

மூன்றாவது, வெளியே விடும் முன் படிவுக் குளம். தண்ணீரை ஒரு குளத்தில் நிறுத்தினால் சேறு அடியில் படியும். அடுத்த குளத்தில் சிப்பியோ கடற்பாசியோ வளர்த்தால் ஊட்டச்சத்தில் ஒரு பகுதியை அவை எடுத்துக்கொள்ளும். ஒரு விஷயம்: படிவுக் குளம் அறுவடை நாள் நீரைத் தாங்கும் அளவு இருக்க வேண்டும். சாதாரண நாளுக்கு ஏற்ற குளத்தில் அறுவடை நீரைத் திறந்துவிட்டால், படிந்த பழைய சேறும் சேர்ந்து கடலுக்குப் போகும். இங்கேயும் அதே பாடம்தான்: மோசமான நாளுக்குக் கட்டுங்கள்.

7. கட்டிய பிறகு கேட்ட கேள்வி

முன்பே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1990-களில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. குடிநீர் உப்பாகிறது, விளைநிலம் கெடுகிறது, கழிவுநீர் ஓடைகளைக் கெடுக்கிறது என்று மக்கள் போராடினார்கள். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. மரபு முறைப் பண்ணைகள் தவிர, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது; பண்ணைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் ஆணையம் சென்னையில் அமைந்தது.

இந்தக் கதையில் யார் வென்றார், யார் தோற்றார் என்று சண்டை போடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குளம் வெட்டியவர் பணத்தை இழந்தார். விவசாயி வயலை இழந்தார். இரு பக்கமும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நின்றது. வருமுன் காப்பது என்பது வெறும் நல்லொழுக்கப் பாடம் அல்ல. செலவு குறைந்த வழியும் அதுதான்.

8. வகுப்பறைக்கு

செய்முறை: ஆசிரியர் துணையோடும் பள்ளி அனுமதியோடும் ஒரு படகுத்துறைக்குப் போங்கள். தோலுரிக்காத ஆரஞ்சுப் பழம் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு தண்ணீரில் பெரும்பகுதி மூழ்கியபடி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது, நீரோட்டம்தான் இழுக்கும். நூலில் கட்டி விட்டு, 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று குறியுங்கள். ஓதம் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. முடிந்தால் அரைநிலா வாரத்தில் ஒரு நாள், பௌர்ணமியை ஒட்டி ஒரு நாள். வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். நாம் சொல்லித் தருவதைவிட அது நினைவில் நிற்கும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் (மனப்பாடம் செய்யத் தக்கவை):
1. தாழ் ஓத வாரத்தில் தண்ணீர் மாற எத்தனை நாள் ஆகிறது?
2. எந்த நேரம், எந்த ஆழம், எந்தப் பருவத்தில் அளந்தார்கள்?
3. ஏற்கெனவே அந்தத் தண்ணீரில் என்ன சுமை இருக்கிறது? வேறு யார் விடுகிறார்கள்?
4. அறுவடை நாளில் வெளியேறும் அளவு என்ன?
5. குழாயின் வாய்க்கு அருகில் இடம் மாற முடியாத உயிர்கள் எவை?

மாதிரிப் பத்தி: ‘நீர்வாழ் உயிரினப் பண்ணைகள் உணவுத் தேவையை நிறைவு செய்கின்றன. எனினும், அவற்றின் கழிவுநீரைக் கடலில் விடுவதற்கு முன் அவ்விடத்து நீரின் தாங்கும் திறனை ஆராய்வது இன்றியமையாதது. சான்றாக, ஜொகூர் நீரிணையில் நீர் மெதுவாக மாறுவதால், அங்குச் சேரும் ஊட்டச்சத்து பாசிப் பெருக்கத்துக்கு வழிவகுக்கிறது. 2015-இல் அங்கு ஏற்பட்ட பாசிப் பெருக்கத்தால் 500 டன்னுக்கு மேல் வளர்ப்பு மீன்கள் மடிந்தன. ஆகவே, சராசரி நிலையை மட்டுமன்றி மிக மோசமான நிலையையும் கருத்தில் கொண்டு ஆய்வு செய்தல் வேண்டும்.’

பாருங்கள், ஐந்தே வாக்கியம்தான். கருத்து, காரணம், சான்று, விளைவு, பரிந்துரை என்று எல்லாம் வந்துவிட்டன. இதை அப்படியே எழுதாதீர்கள். உங்கள் ஊர்க் கடற்கரையையோ ஆற்று முகத்தையோ எடுத்துக்கொண்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். நம் மாணவர்களில் சிலர் நாளை இத்தகைய ஆய்வறிக்கையைத் தயாரிப்பார்கள். சிலர் அதில் கையெழுத்திடும் அதிகாரியாக இருப்பார்கள். சிலர் அந்தக் கடலோரத்தில் குடியிருப்பார்கள். யாராக இருந்தாலும், ‘எந்த நாளில் அளந்தீங்க?’ என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும். அந்த ஒரு கேள்வியை வகுப்பில் விதைத்துவிடுவோம்.